பொது இடத்தில் கட்டவிழ்ந்த நாய்: பார்வையற்றோருக்கும் வழிகாட்டி நாய்க்கும் என்ன பாதிப்பு?

மலாக்கா - "ஒன்னும் பண்ணாது, பயப்படாம போங்க!" தோட்டத்து லயங்களிலும் தாமான் வரிசை வீடுகளிலும் நாய் வளர்ப்போர் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை இது. கண் தெரிந்தவருக்கு இது ஓரளவு ஆறுதல் தரும். நாய் எங்கே நிற்கிறது, வாலை ஆட்டுகிறதா, பல்லைக் காட்டுகிறதா என்று பார்த்து அவர் ஒதுங்கிப் போய்விடுவார். பார்வையற்றவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. குரைப்புச் சத்தம் நெருங்கி வருவது மட்டுமே அவருக்குத் தெரியும்.

அவர் வழிகாட்டி நாயின் துணையோடு நடப்பவர் என்றால் சிக்கல் இன்னும் பெரிது. தெருவில் கட்டவிழ்ந்து திரியும் நாய், பேரங்காடிக்குள் அழைத்து வரப்படும் பயிற்சி இல்லாத செல்லப்பிராணி, "எவ்வளவு அழகு" என்று தடவ வரும் கை, இவை எல்லாமே அந்த நாயின் கவனத்தைக் கலைக்கின்றன. நாயின் கவனம் கலைந்தால் அதை நம்பி நடப்பவரின் பாதுகாப்பும் போய்விடுகிறது.

மலேசியாவில் வழிகாட்டி நாய்களின் எண்ணிக்கை மிகவும் குறைவு. "நம் ஊரில் இல்லாத ஒன்றைப் பற்றி நமக்கென்ன?" என்று கேட்கத் தோன்றலாம். ஆனால், இது இந்தியச் சமூகத்திற்கு மிக நெருக்கமான விஷயம். அதற்குக் காரணம் நீரிழிவு.

இனிப்பு நீரும் கண் பார்வையும்

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அந்த விகிதம் 31.4 விழுக்காடு. அதாவது, வயது வந்த இந்தியர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இனிப்பு நீர். நாட்டின் பெரிய இனங்களுள் இதுவே மிக உயர்ந்த விகிதம்.

நீரிழிவு பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருந்தால் கண்ணின் விழித்திரையில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதடைகின்றன. தொடக்கத்தில் வலியோ உறுத்தலோ இருக்காது. பார்வை மங்குவதை உணரும்போது பாதிப்பு முற்றியிருக்கக்கூடும். 50 வயதைக் கடந்தவர்களிடம் 2014-இல் நடத்தப்பட்ட தேசியக் கண் ஆய்வில், பார்வையிழப்புக்குக் கண்புரை முதன்மைக் காரணமாகவும், நீரிழிவால் வரும் விழித்திரை நோய் அதற்கு அடுத்த காரணமாகவும் கண்டறியப்பட்டன.

பிறவியிலேயே பார்வை இல்லாதவர்கள் சிறு வயதிலிருந்தே வெள்ளைக்கோலோடு நடக்கப் பழகுகிறார்கள். ஐம்பது வயதுக்கு மேல் பார்வையை இழப்பவர் எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. நேற்று வரை மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனவர் இன்று கடைக்குப் போகவும் ஆள் துணை தேடுகிறார். அவரைப் போன்றவர்களுக்கு வெள்ளைக்கோலும் வழிகாட்டி நாயும் மீண்டும் வீட்டை விட்டு வெளியே வர வழி திறக்கின்றன. அந்த வழி தடையில்லாமல் இருக்கிறதா என்பது அக்கம்பக்கத்தாரின் கையில் இருக்கிறது.

வழிகாட்டி நாய் என்ன செய்கிறது?

வழிகாட்டி நாய்க்குப் பேருந்து எண் தெரியாது. சாலை விளக்கின் நிறத்தைப் பார்த்து அது முடிவெடுப்பதில்லை. எங்கே போக வேண்டும், எந்த முனையில் திரும்ப வேண்டும் என்பதை மனத்தில் வைத்திருப்பவர் பார்வையற்ற மனிதர்தான். வாகனச் சத்தத்தைக் கேட்டு, சாலையைக் கடக்கும் நேரத்தைத் தீர்மானிப்பவரும் அவரே.

நாயின் வேலை வேறு. நடைபாதையில் நிறுத்தியிருக்கும் மோட்டார் சைக்கிளைச் சுற்றி அழைத்துப் போவது, படிக்கட்டு வந்தால் நிற்பது, நடைபாதை முடியும் இடத்தில் நிற்பது, தலையில் இடிக்கும் உயரத்தில் தொங்கும் கிளையையோ பலகையையோ தவிர்ப்பது ஆகியவை அதன் கடமைகள். "முன்னே போ" என்று கட்டளை கொடுத்த பிறகும் எதிரே வாகனம் வந்தால் கட்டளையை மீறி நிற்க அதற்குப் பயிற்சி உண்டு. சொன்னதைச் செய்யும் நாய் எங்கும் உண்டு. ஆபத்து நேரத்தில் சொன்னதைச் செய்ய மறுக்கக் கற்பதுதான் வழிகாட்டி நாயின் தனிச்சிறப்பு.

நாயின் உடலில் ஒரு வார்ப்பட்டை பூட்டப்பட்டிருக்கும். அதில் விறைப்பான கைப்பிடி ஒன்று நிமிர்ந்து நிற்கும். பார்வையற்றவர் பெரும்பாலும் இடது கையால் அந்தக் கைப்பிடியைப் பிடித்து நடப்பார். நாயின் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது, எங்கே வேகம் குறைகிறது என்ற சிறு அசைவுகள் கைப்பிடி வழியாக அவர் கைக்கு வந்து சேரும். வார்ப்பட்டை பூட்டியிருக்கும் வரை நாய் வேலையில் இருக்கிறது. வீட்டுக்குப் போய் அதைக் கழற்றிய பிறகு அதுவும் மற்ற நாய்களைப் போல விளையாடும், உறங்கும்.

இந்த நிலைக்கு ஒரு நாயைக் கொண்டு வர ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. குட்டியாக இருக்கும்போது ஒரு குடும்பம் அதை வளர்த்துக் கடை, பேருந்து, மக்கள் கூட்டம் என எல்லாவற்றுக்கும் பழக்குகிறது. பின்னர் பயிற்றுநர் பல மாதங்கள் பயிற்சி தருகிறார். இறுதியில் பார்வையற்றவரும் நாயும் சில வாரங்கள் ஒன்றாகப் பழகுகிறார்கள். நடையின் வேகம், உடலின் உயரம், குணம் ஆகியவை ஒத்துப்போனால்தான் இணை அமையும். தேர்வு பெறாத நாய்களும் பல உண்டு.

இந்த முறைக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. முதல் உலகப் போரில் பார்வையிழந்த படைவீரர்களுக்காக 1916-இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. 1929-இல் அமெரிக்காவிலும், 1931-இல் பிரிட்டனிலும் பயிற்சிகள் தொடங்கின.

இரண்டு விநாடி போதும்

தெருவில் நடந்து போகும் வழிகாட்டி நாயை ஒருவர் விசிலடித்துக் கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாய் தலையைத் திருப்புகிறது. இரண்டே விநாடிதான். அந்த நேரத்தில் எதிரே மூடியில்லாத கால்வாய் இருந்தால் அதைக் கவனிக்க ஆள் இல்லை. கார் ஓட்டுபவரின் கண்ணை இரண்டு விநாடி பொத்துவதும் இதுவும் ஒன்றுதான்.

தடவுவது, பெயர் சொல்லி அழைப்பது, பிஸ்கட் நீட்டுவது, முகத்துக்கு நேரே கைத்தொலைபேசியை வைத்துப் படமெடுப்பது ஆகிய எல்லாமே இந்த வகையில் அடங்கும். உணவு கொடுப்பதில் இன்னொரு தீமையும் உண்டு. ஒருமுறை ருசி கண்டுவிட்டால், அடுத்த முறை உணவகத்தின் அருகே போகும்போது நாயின் கவனம் பாதையை விட்டுவிட்டு மேசைக்கடியில் போய்விடும். பல மாதப் பயிற்சியை ஒரு துண்டு ரொட்டி கெடுத்துவிடலாம்.

இன்னொரு நாயின் குறுக்கீடு இதைவிடக் கடுமையானது. நட்பாக ஓடி வந்து முகர்ந்து பார்க்கும் நாயும் வழிகாட்டி நாயின் பாதையை மறிக்கிறது, அதன் கயிறு பார்வையற்றவரின் காலில் சிக்குகிறது. அவர் எந்தத் திசையை நோக்கி நின்றார் என்பதே குழம்பிவிடும். மனத்தில் வைத்திருந்த வழிப்படம் கலைந்த பிறகு, தான் சாலையைப் பார்த்து நிற்கிறோமா, கடையைப் பார்த்து நிற்கிறோமா என்று அவருக்குத் தெரியாது.

கடித்தால் என்ன ஆகும்?

வழிகாட்டி நாய்களை மற்ற நாய்கள் தாக்குவதைப் பற்றி பிரிட்டனில் முறையான பதிவுகள் உள்ளன. 2010 ஜூன் மாதத்திற்கும் 2015 பிப்ரவரி மாதத்திற்கும் இடையில் அங்கே 629 தாக்குதல்கள் பதிவாயின. சராசரியாக மாதத்திற்குப் பதினொன்று. அவற்றின் விளைவாக 20 நாய்கள் பணியிலிருந்து நிரந்தரமாக விலக்கப்பட்டன. பெரும்பாலான சம்பவங்களில் தாக்கிய நாயின் உரிமையாளர் அருகிலேயே இருந்தார் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. அந்தச் சம்பவங்களில் கடித்தவை பெரும்பாலும் ஆளில்லாத தெருநாய்கள் அல்ல. உரிமையாளரோடு வெளியே வந்த வீட்டு நாய்கள்.

உடலில் பட்ட காயம் சில வாரங்களில் ஆறிவிடும். மனத்தில் பட்ட பயம் அப்படி ஆறுவதில்லை. ஒருமுறை கடிபட்ட வழிகாட்டி நாய், அடுத்த முறை வேறொரு நாயைக் கண்டாலே நடுங்கலாம், ஒதுங்கி ஓடலாம் அல்லது தானே முந்திக்கொண்டு சீறலாம். மூன்றில் எது நடந்தாலும் அது வழிகாட்டும் வேலைக்குத் தகுதியற்றதாகிவிடும். நாயை இழந்தவர் மீண்டும் காத்திருப்போர் பட்டியலில் சேர வேண்டும். அதுவரை அவர் வேலைக்குப் போவதும் கோயிலுக்குப் போவதும் பிறர் தயவில்தான்.

இதில் இன்னோர் அநியாயமும் இருக்கிறது. பாதிக்கப்பட்டவரால் சாட்சி சொல்ல முடியாது. எந்த நாய் கடித்தது, அது என்ன நிறம், உரிமையாளர் யார், எந்த வீட்டுக்குள் ஓடியது என்று போலீசில் கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. தம் நாய்க்கு எவ்வளவு காயம் என்பதையும் கையால் தடவித்தான் அறிய வேண்டும். அருகில் இருந்தவர்கள் முன்வந்து பேசாவிட்டால் அந்தச் சம்பவம் நடக்காததாகவே போய்விடும்.

இதனால்தான் பிரிட்டன் 2014-இல் ஆபத்தான நாய்கள் தொடர்பான தன் சட்டத்தைத் திருத்தியது. உதவி நாய் ஒன்றைத் தாக்கும் நாயின் உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க அந்தத் திருத்தம் இடம் தருகிறது.

மலேசியாவில் வழிகாட்டி நாய்

மலேசியர்கள் பலருக்கு வழிகாட்டி நாய் என்ற ஒன்று அறிமுகமானது ஸ்டீவன்ஸ் சான் என்பவரால். கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோயால் பார்வையிழந்த இவர், 2014-ஆம் ஆண்டு வாக்கில் லஷான் என்ற வழிகாட்டி நாயுடன் நடமாடத் தொடங்கியபோது பேரங்காடிகளிலும் உணவகங்களிலும் பொதுப் போக்குவரத்திலும் தடுத்து நிறுத்தப்பட்டார். நாளிதழ்களில் அது பெரிய செய்தியானது. நாய் என்றால் செல்லப்பிராணி, செல்லப்பிராணி என்றால் அனுமதி இல்லை என்ற ஒரே கணக்குதான் அன்று பாதுகாவலர்களிடம் இருந்தது.

அண்டை நாடான சிங்கப்பூரில் பொதுப் பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் வழிகாட்டி நாய்க்கு அனுமதி உண்டு. அங்கே 2011-இல் எஸ்மி என்ற நாயைப் பெற்ற கசாண்ட்ரா சியூ, விதிமுறை இருந்தும் உணவகங்களில் தடுக்கப்படுவதைப் பற்றிப் பல முறை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். விதியை எழுதினால் மட்டும் போதாது, கடைவாசலில் நிற்பவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு அது ஒரு சான்று. சிங்கப்பூரிலிருந்து ஜோங்கர் ஸ்ட்ரீட்டுக்கும் செஞ்சதுக்கத்துக்கும் சுற்றுப்பயணிகள் வந்துகொண்டே இருக்கும் மலாக்காவுக்கு இது தூரத்து விஷயமல்ல.

பார்வையற்றோர் நலத்தில் மலாக்காவுக்கு ஒரு பழைய தொடர்பும் உண்டு. இன்று பினாங்கில் இயங்கும் செயின்ட் நிக்கலஸ் இல்லம், பார்வையற்ற பிள்ளைகளுக்காக 1926-இல் முதன்முதலில் தொடங்கப்பட்டது மலாக்காவில்தான்.

வேலை செய்யும் நாய்களும் நாட்டுக்குப் புதியவை அல்ல. போலீஸ், சுங்கத்துறை, தீயணைப்பு மீட்புத்துறை ஆகியவற்றில் கே9 எனப்படும் மோப்ப நாய்ப் பிரிவுகள் உள்ளன. 2022 டிசம்பரில் 31 உயிர்களைப் பலிகொண்ட பத்தாங் காலி நிலச்சரிவில், மண்ணுக்கடியில் புதைந்தவர்களைத் தேட உதவியவை மீட்புத்துறையின் மோப்ப நாய்கள். அந்த இடத்தில் யாரும் "நாய்க்கு என்ன வேலை?" என்று கேட்கவில்லை.

தோட்டத்திலும் தாமானிலும்

தோட்டப்புறத்தில் நாய் வளர்ப்பது பெரும்பாலும் காவலுக்கு. லயத்துக்குப் பின்னால் கோழிக் கூண்டும் காய்கறிப் பாத்தியும் இருக்கும். செம்பனைக் காட்டிலிருந்து காட்டுப்பன்றி வரும். விடியற்காலையில் பெரட்டுக்குக் கிளம்பும்போது நாயும் கூடவே ஓடி வரும். கட்டிப் போடும் பழக்கம் அங்கே குறைவு. எல்லாருக்கும் எல்லார் வீட்டு நாயையும் தெரியும் என்பதால் அதில் பெரிய தொல்லையும் இருந்ததில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் அலோர் காஜா, ஜாசின், மெர்லிமாவ், டுரியான் துங்கால், செங் போன்ற இடங்களின் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபோது இந்தப் பழக்கமும் கூடவே வந்தது. ஆனால், தாமானின் நிலைமை வேறு. வீடுகள் ஒட்டி நிற்கின்றன. மலாய்க்காரர், சீனர், இந்தியர் கலந்து வாழ்கிறார்கள். வாசலுக்கு முன்னால் போவது மண்பாதை அல்ல, கார்கள் ஓடும் சாலை. கேட்டைத் திறந்து வைத்து "கொஞ்ச நேரம் ஓடிட்டு வரட்டும்" என்று விடப்படும் நாய், அந்தச் சாலையில் நடக்கும் எல்லாருக்கும் இடையூறாகிறது.

மலாக்காவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களில் பெரும்பாலோர் நம்பியிருப்பது வெள்ளைக்கோலைத்தான். அந்தக் கோல் தரையில் இடமும் வலமுமாக அசைவதைப் பார்த்தால், அது தன்னை அடிக்க வருவதாகச் சில நாய்கள் நினைத்துக்கொள்கின்றன. உடனே குரைத்துக்கொண்டு சுற்றுகின்றன. கோலை நிறுத்தினால் அவருக்கு வழி தெரியாது, அசைத்தால் நாய்க்குக் கோபம். இந்தத் தொல்லைக்குப் பயந்தே, பக்கத்துக் கடைக்குத் தனியாகப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிடுவோர் இருக்கிறார்கள். ஆகவே, நாயைக் கட்டி வைப்பது என்றோ வரப்போகும் வழிகாட்டி நாய்க்காக மட்டும் செய்வதல்ல. இன்றே இதே தெருவில் வெள்ளைக்கோலோடு நடப்பவருக்காகவும் செய்வது.

அங்கி மாட்டினால் சேவை நாய் ஆகிவிடுமா?

அண்மைக் காலமாகச் செல்லப்பிராணிகளை அனுமதிக்கும் பேரங்காடிகளும் காப்பிக்கடைகளும் நகரங்களில் பெருகி வருகின்றன. அனுமதி உள்ள இடத்துக்கு அழைத்துப் போவதில் தவறில்லை. அனுமதி இல்லாத இடத்துக்கு, இணையத்தில் வாங்கிய "சேவை நாய்" அங்கியை மாட்டி அழைத்துப் போவதுதான் தவறு.

அமெரிக்கா இதில் கசப்பான பாடம் கற்றது. மன ஆறுதலுக்கான பிராணி என்ற பெயரில் பலர் தங்கள் செல்லப்பிராணிகளை விமானத்தில் ஏற்றத் தொடங்கினர். 2018 ஜனவரியில் நியூவார்க் விமான நிலையத்திற்கு ஒரு பெண் மயிலையே கொண்டு வந்தார். விமான நிறுவனம் ஏற்ற மறுத்தது. பயிற்சி இல்லாத பிராணிகள் பயணிகளைக் கடித்ததாகவும் உண்மையான சேவை நாய்களுக்குத் தொல்லை தந்ததாகவும் புகார்கள் குவிந்தன. 2020 டிசம்பரில் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை விதியை மாற்றியது. தனிப்பட்ட ஒரு பணிக்குப் பயிற்சி பெற்ற நாயை மட்டுமே சேவைப் பிராணியாக விமானங்கள் ஏற்க வேண்டும் என்பது இன்றைய நிலை.

அமெரிக்கக் கடைகளுக்குள் நாயோடு வருபவரிடம் ஊழியர் இரண்டு கேள்விகள் கேட்கலாம். உடற்குறைபாடு காரணமாக இந்த நாய் தேவைப்படுகிறதா? என்ன வேலை செய்ய அதற்குப் பயிற்சி தரப்பட்டுள்ளது? சான்றிதழ் கேட்கக் கூடாது. ஆனால், நாய் கட்டுப்பாட்டை இழந்து, உரிமையாளரும் அதை அடக்காவிட்டால் எந்த நாயாக இருந்தாலும் வெளியேற்றலாம். அதாவது, அங்கியைக் காட்டிலும் நடத்தைதான் அளவுகோல். குரைக்காமல், முகர்ந்து அலையாமல், மேசைக்கடியில் அமைதியாகப் படுத்திருப்பதுதான் பயிற்சி பெற்ற நாயின் அடையாளம்.

போலி அங்கியின் தீமை அந்த ஒரு நாளோடு முடிவதில்லை. இன்று ஓர் உணவகத்தில் அங்கி மாட்டிய செல்லப்பிராணி அசுத்தம் செய்தால், நாளை அதே வாசலுக்கு உண்மையான வழிகாட்டி நாயோடு வருபவரை அந்த முதலாளி நம்ப மாட்டார்.

அண்டை வீட்டாரின் சமய உணர்வு

மலேசியாவில் இந்த விவகாரத்தைப் பேசும்போது முஸ்லிம் மக்களின் சமய நெறியை ஒதுக்கிவிட முடியாது. நாட்டில் பின்பற்றப்படும் ஷாஃபி மத்ஹபின்படி, ஈரத்தோடு நாயைத் தொட நேர்ந்தால் ஏழு முறை கழுவித் தூய்மை செய்ய வேண்டும். அவற்றில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். ஆகவே, ஒரு நாய் பாய்ந்து வந்து நக்குவது அவர்களுக்கு வெறும் அசௌகரியம் மட்டுமல்ல.

பயிற்சி பெற்ற வழிகாட்டி நாய் யார் மேலும் பாயாது, நக்காது, இருந்த இடத்தை விட்டு அசையாது. அதனால்தான் சமய நெறியும் வழிகாட்டி நாயும் ஒத்துப்போக முடிகிறது. 2008-இல் பிரிட்டனின் லெஸ்டர் நகரில், பார்வையற்ற முஸ்லிம் இளைஞர் ஒருவரின் வழிகாட்டி நாயைப் பள்ளிவாசல் ஒன்று தன் நுழைவுப் பகுதி வரை அனுமதித்தது. அவர் தொழுது முடிக்கும் வரை நாய் அதற்கென ஒதுக்கிய இடத்தில் காத்திருந்தது.

ஆனால், பயிற்சி இல்லாத செல்லப்பிராணி ஒன்று லிப்டுக்குள் ஒரு முஸ்லிம் அம்மாவின் மேல் பாய்ந்தால் என்ன ஆகும்? அந்தக் கட்டடத்தில் "நாய்களுக்கு அனுமதி இல்லை" என்ற பலகைதான் வரும். அந்தப் பலகை வழிகாட்டி நாய்க்கும் வாசலை அடைத்துவிடும். ஒருவரின் கவனக்குறைவுக்கு, அதில் சம்பந்தமே இல்லாத பார்வையற்றவர் விலை கொடுக்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் (சட்டம் 685), பொதுக் கட்டடங்களையும் வசதிகளையும் பயன்படுத்தும் உரிமையை 26-ஆவது பிரிவிலும், பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்தும் உரிமையை 27-ஆவது பிரிவிலும் அங்கீகரிக்கிறது. ஆனால், வழிகாட்டி நாய்க்கென்று தனிப் பிரிவு அதில் இல்லை. உரிமையை மறுப்பவருக்குத் தண்டனையும் இல்லை. பல்லில்லாத சட்டம் என்று மாற்றுத்திறனாளி அமைப்புகள் இதை நெடுங்காலமாகக் குறைகூறி வருவதற்கு அதுவே காரணம்.

நாய் வளர்ப்போரின் பொறுப்பு பற்றிய சட்டங்கள் இதைவிடத் தெளிவானவை. நாய்க்கு ஊராட்சி மன்றத்திடம் உரிமம் எடுக்க வேண்டும். மலாக்காவில் வசிக்கும் இடத்தைப் பொறுத்து மலாக்கா வரலாற்று மாநகர் மன்றம், ஹங் துவா ஜெயா, அலோர் காஜா, ஜாசின் நகராண்மைக் கழகங்கள் ஆகியவற்றுள் ஒன்றை அணுகலாம். தம் பொறுப்பில் உள்ள பிராணியால் மனித உயிருக்கு ஆபத்து நேராதபடி பார்த்துக்கொள்ளத் தவறுவது, குற்றவியல் சட்டத்தின் 289-ஆவது பிரிவின் கீழ் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். "ஒன்னும் பண்ணாது" என்ற வார்த்தை அங்கே எடுபடாது.

நாய் வளர்ப்போர் செய்ய வேண்டியவை

கேட்டை மூடி வையுங்கள். வெளியே அழைத்துப் போகும்போது குட்டையான கயிற்றில் பிடித்துச் செல்லுங்கள். நீண்டு சுருங்கும் கயிறு கூட்டமான இடத்துக்கு ஏற்றதல்ல. உரிமமும் தடுப்பூசியும் தவற வேண்டாம். கருத்தடை செய்தால் நாய் ஊர் சுற்றுவதும் சண்டையிடுவதும் குறையும்.

எதிரே வெள்ளைக்கோலோ வழிகாட்டி நாயோ வந்தால், உங்கள் நாயைச் சாலையின் மறுபக்கம் அழைத்துச் சென்று, பக்கத்தில் நிறுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். "அண்ணே, என்கிட்ட ஒரு நாய் இருக்கு, கயித்துல பிடிச்சிருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவருக்கு அந்த ஒரு வார்த்தை பெரிய உதவி. நாய்கள் பழகட்டும் என்று கிட்டே விடாதீர்கள்.

மற்றவர்கள் செய்ய வேண்டியவை

வார்ப்பட்டை பூட்டிய நாயைத் தொடாதீர்கள், கூப்பிடாதீர்கள், உணவு கொடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். "அது வேலை செய்யுது, தொந்தரவு பண்ணக் கூடாது" என்றால் ஐந்து வயதுக் குழந்தைக்கும் புரியும்.

உதவ நினைத்தால் நாயிடம் போகாமல் மனிதரிடம் பேசுங்கள். நாய் இல்லாத பக்கமாக, பெரும்பாலும் வலப்புறமாக வந்து, "உதவி வேணுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கைப்பிடியையோ அவர் கையையோ பிடித்து இழுக்காதீர்கள். ஒரு நாய் அவரைத் தாக்கினால் பாதுகாப்பான இடத்துக்கு அவரை வழிநடத்தி, உரிமையாளர் யார், எந்த வீடு என்று பார்த்துக் குறித்து, போலீஸ் புகார் செய்ய உடன் செல்லுங்கள். அங்கே அவருக்குக் கண்ணாக இருக்கக்கூடியவர் நீங்கள்தான்.

ஆலயங்களும் கடைகளும்

செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்தின் மாசி மகத் திருவிழா போன்ற பெருங்கூட்டங்களில் மேளமும் நெரிசலும் சூடான தார்ச்சாலையும் எந்த நாய்க்கும் ஏற்றவை அல்ல. செல்லப்பிராணிகளை வீட்டிலேயே விட்டு வருவது நல்லது. பைரவரின் வாகனம் என்று நாயை மதிக்கும் சமூகத்தில், பார்வையற்ற பக்தர் வழிகாட்டி நாயோடு வந்தால் அதற்கு வெளிப்புறத்தில் நிழலான இடமும் தண்ணீரும் ஒதுக்கி, பக்தரை ஒரு தொண்டர் சன்னதி வரை அழைத்துச் செல்ல ஆலய நிர்வாகத்தால் முடியும். இதற்குச் செலவு ஏதும் இல்லை. முன்கூட்டியே ஒரு முடிவு எடுத்து, வாசலில் நிற்பவருக்குச் சொல்லி வைத்தால் போதும்.

கடைக்காரர்களுக்கும் இதுவே பொருந்தும். நாயைப் பார்த்ததும் விரட்டாமல், என்ன வேலைக்காகப் பயிற்சி பெற்றது என்று பணிவாகக் கேட்கலாம். நாய் அமைதியாக இருந்தால் ஓரமான மேசை ஒன்றைக் கொடுக்கலாம். தமிழ்ப்பள்ளிகளில், அக்டோபர் 15 அனைத்துலக வெள்ளைக்கோல் தினத்தையோ ஏப்ரல் மாதத்தின் கடைசிப் புதன்கிழமையில் வரும் அனைத்துலக வழிகாட்டி நாய் தினத்தையோ ஒட்டி, சபைகூடலில் பத்து நிமிடம் இதைப் பற்றிப் பேசலாம்.

நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்வது இவை எல்லாவற்றுக்கும் முந்திய கடமை. அரசு சுகாதாரக் கிளினிக்கில் இரத்தச் சர்க்கரை பார்க்கப் போகும்போதே கண் பரிசோதனைக்கான தேதியையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.